ரொட்டி மாவு வந்த வழி
பல கம்பனிகள் சேர்ந்து செய்யும் வேலையில் கணக்கு எங்கே தவறுகிறது?



காலையில் பெரட்டுக்குப் போகும் முன்னே அவசரமாகத் தட்டிப் போடுகிற ரொட்டியைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறோம். அந்த மாவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "கடையிலிருந்து" என்று பிள்ளைகள் சொல்லும். கடைக்காரரைக் கேட்டால், "லொறியில வருது" என்பார். லொறிக்காரரைக் கேட்டால், "திருகோணமலை மில்லு" என்பார். மில்லுக்கு எங்கிருந்து வந்தது? கடல் கடந்து, கப்பலில், கோதுமை மணியாக வந்தது. நம்ம அடுப்படிக்கு வந்து சேர எத்தனை கை மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பத்துக்குக் குறையாது.

இந்தக் கைகள் எல்லாம் ஒரே முதலாளியின் கைகள் அல்ல. கோதுமை விற்பவர் ஒருவர், கப்பல்காரர் இன்னொருவர். துறைமுகம், சுங்கம், வங்கி, மில், ரயில், லொறி, மொத்தக்கடை, சில்லறைக்கடை என்று ஒவ்வொன்றும் தனித்தனி நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம், தனிக் கணக்கு. ஆனாலும் மாவு வருகிறது. இப்படிப் பல நிறுவனங்கள் பங்கு போட்டுச் செய்யும் ஒரே வேலையை எப்படித் திட்டம் போட்டு, படம் வரைந்து, நடத்திப் போகிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

"இது துரைமாருக்கும் கம்பனிக்காரருக்கும் உரிய விஷயம், நமக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். நாம் பறிக்கும் கொழுந்தும் இப்படித்தான் கை மாறிப் போகிறது. நம்ம சேமலாப நிதியும் அப்படித்தான். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிற இடத்தில்தான் கிலோ குறைகிறது, சதம் குறைகிறது. அந்த இடத்தைத் தெரிந்து வைத்திருந்தால் நியாயத்தைக் கேட்டு வாங்கலாம்.

திருகோணமலையில் ஒரு மில்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது. பெரிய கப்பல்கள் உள்ளே வந்து நிற்க முடியும். துறைமுகக் குடாவின் ஒரு பக்கம் சீனன்குடா. 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல உண்டு. அங்கே உறவுக்காரர் உள்ளவர்களுக்குச் சீனன்குடாவின் உயரமான தானியக் கோபுரங்கள் தெரிந்திருக்கும். அதுதான் பிறீமா மில்.

அதற்கு முன்பு நாட்டுக்குத் தேவையான கோதுமை மாவில் பெரும்பகுதி வெளிநாட்டில் அரைத்த மாவாகவே வந்தது. 1977இல் சிங்கப்பூரைச் சேர்ந்த பிறீமா நிறுவனத்தோடு இலங்கை அரசாங்கம் ஓர் உடன்படிக்கை செய்தது. மில் 1980இல் வேலை தொடங்கியது. ஒரே இடத்தில் அமைந்த மாவு மில்களில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது.

அந்த உடன்படிக்கையின் அடிப்படை மிகவும் எளிது. கோதுமை அரசாங்கத்தின் சொத்து. அரைப்பது கம்பனியின் வேலை. நூறு கிலோ கோதுமை கொடுத்தால் எழுபத்து நாலு கிலோ மாவு அரசாங்கத்துக்குத் திரும்ப வரவேண்டும். மீதித் தவிடு கம்பனிக்கு. அந்தத் தவிடுதான் அரைப்புக் கூலி. தவிடு கால்நடைத் தீவனத்துக்கு விலைபோகிற சரக்கு.

நம்ம ஊரில் நெல்லுக் குத்தப் போனால் தவிட்டையும் உமியையும் மில்லுக்காரரிடம் விட்டு வருகிற வழக்கம் உண்டல்லவா? அதே கதைதான். மூட்டைக்குப் பதிலாகக் கப்பல் கப்பலாக நடந்தது, அவ்வளவுதான்.

74 என்ற இலக்கத்தை ஏன் எழுதி வைத்தார்கள்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. கூலி தவிடு என்றால், தவிடு கூடினால் அரைப்பவருக்கு இலாபம். மாவு கூடினால் கோதுமை கொடுத்தவருக்கு இலாபம். இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தாலும் இரண்டு பேரின் இலாபமும் எதிர் எதிர்ப் பக்கம் இழுக்கிறது. "நம்பிக்கையாக அரைச்சுத் தாங்க" என்று வாய்ச் சொல்லோடு விட்டால் முதல் வருஷமே சண்டை வரும். அதனால்தான் "74" என்று இலக்கத்தால் எழுதினார்கள்.

ஓர் இலக்கம் எவ்வளவு பெறும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கப்பலில் 30,000 தொன் கோதுமை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 74 என்றால் மாவு 22,200 தொன். நூற்றுக்கு 73 என்று ஆகிவிட்டால் 21,900 தொன். குறைவது 300 தொன். ஐம்பது கிலோ மூட்டையாகப் பார்த்தால் 6,000 மூட்டை! நூற்றுக்கு ஒன்று என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது. மூட்டையாக அடுக்கிப் பார்த்தால்தான் அதன் பெருமதி புரிகிறது.

இன்னொரு சிக்கல் தண்ணீர். கோதுமையைக் காய்ந்தபடியே அரைப்பதில்லை. முதலில் தண்ணீர் சேர்த்து, சில மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். அப்போதுதான் தோல் இறுகி, தூளாகாமல் பெரிய தவிடாகப் பிரியும், மாவும் வெள்ளையாக வரும். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு மாவிலும் தவிட்டிலும் தங்கிவிடும். ஆகவே உள்ளே போன கோதுமையின் எடையும் வெளியே வந்த மாவு, தவிட்டின் எடையும் சரிசமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரின் எடை யாருக்குச் சேர்ந்தது? மாவில் எத்தனை பங்கு ஈரம் இருக்கலாம்? யாருடைய சோதனைக்கூடத்தில் அளப்பது? தானியம் அரைக்கக் கொடுக்கிற எந்த உடன்படிக்கையிலும் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கும். எழுதாமல் விட்டால், மாவிலே கலந்த தண்ணீர் பிறகு கணக்கிலேயும் கலந்துவிடும்.

ஈரத்தின் பேரில் கிலோ கூடுவதும் குறைவதும் நமக்கு ஒன்றும் புதிது இல்லை. மழை நாளில் கொழுந்து மடுவத்தில் நிற்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதற்குப் பிறகு வருகிறோம்.

2001இல் அரசாங்கம் தனக்கு அந்த மில்லில் இருந்த உரிமையைக் கம்பனிக்கே விற்றது. அதற்குப் பிறகு கோதுமையை வாங்குவதும் அரைப்பதும் விற்பதும் கம்பனியின் சொந்த வியாபாரமாகிவிட்டது. 2008இல் கொழும்புத் துறைமுகத்தில் செரண்டிப் என்ற இன்னொரு மில்லும் தொடங்கியது. ஆகவே 74, 26 என்ற பழைய பங்கீடு இன்று நடப்பில் இல்லை. பாடம் மட்டும் பழையதாகவில்லை.

கப்பலை எப்படி நிறுப்பது?

கை மாறுகிற இடங்களில் முதல் இடம் கப்பல். 30,000 தொன் சரக்கை எந்தத் தராசில் போடுவது? கப்பலையேதான் தராசாக்குகிறார்கள். கப்பலின் முன், நடு, பின் பகுதிகளில் இரண்டு பக்கமும் அளவுக் கோடுகளும் இலக்கங்களும் எழுதியிருக்கும். சரக்கு இறக்கும் முன் கப்பல் எந்தக் கோடு வரை தாழ்ந்திருக்கிறது என்று ஆறு இடத்திலும் பார்த்து எழுதுகிறார்கள். இறக்கிய பிறகு மறுபடி பார்க்கிறார்கள். கப்பலில் உள்ள எண்ணெய், நல்ல தண்ணீர், பாரத்துக்காக ஏற்றிய கடல் தண்ணீர் எல்லாவற்றையும் கழிக்கிறார்கள். துறைமுகத் தண்ணீரின் அடர்த்தியையும் அளக்கிறார்கள், ஏனென்றால் உப்புக் கூடின தண்ணீரில் கப்பல் கொஞ்சம் மேலே மிதக்கும். இத்தனையும் வைத்துத்தான் இறங்கிய சரக்கின் எடையைச் சொல்கிறார்கள்.

அதே கோதுமை கரைக்கு வந்ததும் மில்லின் தராசிலும் நிறுக்கப்படும். இரண்டு கணக்கும் அப்படியே ஒத்து வராது. தூசி பறக்கும், ஈரம் மாறும், கோடு பார்த்த கண்ணும் கொஞ்சம் தவறலாம். அதனால் இந்த மாதிரி வியாபாரத்தில் ஒரு சின்ன வித்தியாசத்துக்கு இடம் விட்டு எழுதுவது வழக்கம். நூற்றுக்கு அரை என்று வைத்தால்கூட 30,000 தொன்னில் அது 150 தொன், 3,000 மூட்டை. அந்த எல்லைக்குள் இருந்தால் யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. எல்லையைத் தாண்டினால் யாரிடம் கேட்பது, எத்தனை நாளுக்குள் கேட்பது, எந்தத் தராசின் கணக்கு செல்லும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும்.

"எந்தத் தராசு செல்லும்?" இந்தக் கேள்வியைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பங்காளி

கப்பலும் மில்லும் லொறியும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத பங்காளி ஒருவர் இருக்கிறார்: வங்கி. வெளிநாட்டில் கோதுமை விற்கிறவருக்கு இங்கே வாங்குகிறவரைத் தெரியாது. "சரக்கு அனுப்பினதற்கான பத்திரங்களைக் காட்டு, நான் பணம் தருகிறேன்" என்று வங்கி கொடுக்கும் வாக்குறுதிக் கடிதத்தை எல்.சி. என்பார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் பல கப்பல்கள் சரக்கே ஏற்றாது.

2022இல் நாட்டில் டாலர் தீர்ந்துபோனபோது நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வருஷம் உக்ரைன் யுத்தத்தாலும் உலகக் கோதுமை விலை ஏறியது. ரூபாயின் பெறுமதி சரிந்தது. வங்கிகளுக்கு எல்.சி. திறக்கவே கஷ்டமாக இருந்தது. மாவின் விலை பல மடங்கு ஏறி, ரொட்டியின் அளவு சின்னதாகிப் போனது. மில்லின் இயந்திரம் பழுதாகவில்லை, கடலும் வற்றவில்லை. பணமும் பத்திரமும் கை மாறுகிற ஒரு கண்ணி இறுகியது, அது லயத்து அடுப்பு வரைக்கும் சுட்டது.

படம் வரைந்து பார்ப்பது

இவ்வளவு சிக்கலான வேலையை எப்படி மனதில் வைத்திருப்பது? படம் வரைந்துதான். பெரிய நிறுவனங்களில் கணினிக்காரர்கள் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பி.பி.எம்.என். என்று அதற்குப் பெயர். 2004இல் வெளிவந்தது. 2011இல் அதன் இரண்டாவது பதிப்பு வந்தபோது, பல நிறுவனங்கள் ஒன்றோடொன்று நடத்தும் வேலைகளை வரைவதற்கும் தனி முறைகள் சேர்க்கப்பட்டன. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அப்பியாசக் கொப்பியிலேயே வரையலாம்.

பக்கத்தின் குறுக்கே நீளமான பட்டைகள் போடுங்கள், தேயிலை நிரை மாதிரி. ஒரு பட்டை கப்பல்காரருக்கு, ஒன்று மில்லுக்கு, ஒன்று வங்கிக்கு, ஒன்று லொறிக்கு, ஒன்று கடைக்கு. ஒவ்வொருவரும் தன் பட்டைக்குள் செய்யும் வேலைகளைச் சின்னப் பெட்டிகளாக வரிசையாக வரையுங்கள். ஒரே பட்டைக்குள் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு நேர்கோட்டு அம்பு. ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்குப் போகும்போது மட்டும் விட்டு விட்டுப் போட்ட கோடு.

ஏன் இந்த வித்தியாசம்? ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் வீட்டுக்குள் புகுந்து வேலை ஏவ முடியாது. செய்தி அனுப்பலாம், சரக்கு அனுப்பலாம், பற்றுச்சீட்டு கேட்கலாம். நம்ம லயத்தில் மாதிரித்தான். பக்கத்து வீட்டு அடுப்பில் நாம் கை வைக்க முடியாது. "ஒரு சுண்டு மா தாங்கக்கா, சம்பளத்துக்கு தந்திடுறோம்" என்று கேட்டு வாங்கலாம். கொடுத்ததையும் வாங்கினதையும் இரண்டு வீட்டாரும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருந்தால் சண்டை இல்லை.

ஆகவே படத்தில் முக்கியம் பெட்டிகள் அல்ல, விட்டு விட்டுப் போட்ட கோடுகள்தான். ஒவ்வொரு கோட்டிலும் நாலு கேள்வி கேட்க வேண்டும்:

1. எது, எவ்வளவு கை மாறுகிறது? (எந்தத் தராசுக் கணக்கு?)
2. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்? கையெழுத்து எங்கே?
3. எத்தனை நாளுக்குள் நடக்க வேண்டும்?
4. குறைந்தால், தாமதித்தால், யாரிடம் சொல்வது? அதற்குப் பொறுப்பு யார்?

இந்த நாலுக்கும் பதில் எழுதியிருந்தால் வேலை ஓடும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் ஒருநாள் அங்கேதான் வேலை நிற்கும்.

பங்கு தெளிவாக இல்லாவிட்டால்: எண்ணெய்த் தாங்கிகள்

இதற்குச் சாட்சியும் திருகோணமலையிலேயே இருக்கிறது. சீனன்குடாப் பக்கத்துக் காட்டுக்குள் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. பிரித்தானியக் கடற்படைக்காக இரண்டாம் உலக யுத்த காலம் வரை கட்டப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும் சரித்திரம்.

2003இல் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி. இந்தத் தாங்கிகளுக்குள் வந்தது. கீழ்ப் பகுதித் தாங்கிகள் மட்டும் பயன்பாட்டில் இருந்தன. மேல் பகுதியில் இருந்தவை பெரும்பாலும் காடு மூடிக் கிடந்தன. அவை யாருடையவை, யார் திருத்துவது, யார் பயன்படுத்துவது என்ற வாக்குவாதம் வருஷக்கணக்கில் இழுபட்டது. 2022 ஜனவரியில்தான் இலக்கம் போட்டுப் பிரித்தார்கள். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24 தாங்கி. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14. மீதி 61 தாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து அமைக்கும் ஒரு புதுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு நூற்றுக்கு 51 பங்கு, லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 பங்கு. மொத்தம் 99 தாங்கி.

2003இலிருந்து 2022 வரை எண்ணிப் பாருங்கள், பத்தொன்பது வருஷம். தாங்கி இருந்தது, துறைமுகம் இருந்தது, இரண்டு பெரிய நிறுவனங்களும் இருந்தன. இருந்தும் பெரும்பகுதித் தாங்கிகள் சும்மா கிடந்தன. 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. புரிந்துணர்வு என்பது முதல் கோடு மட்டுமே. அதற்குப் பிறகு அந்த நாலு கேள்விகளுக்கும் பதில் எழுதினால்தான் வேலை நகரும்.

இப்போது நம்ம மலைக்கு வருவோம்

கோதுமை கடலிலிருந்து மேலே வருகிறது. கொழுந்து மலையிலிருந்து கீழே போகிறது. பாதை ஒன்றுதான், திசைதான் வேறு.

கொழுந்து மடுவத்தில் நிறுவை. அங்கிருந்து லொறியில் ஸ்டோருக்கு. ஸ்டோரில் மறு நிறுவை. வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, காயவைத்து, சலித்துத் தூளாக்கினால் 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 21, 22 கிலோ தூள் வரும். பிறகு தரகர் கம்பனி. பிறகு கொழும்பு ஏலம். பிறகு வாங்குகிற ஏற்றுமதிக் கம்பனி. பிறகு கப்பல். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களிடமிருந்து தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனதிலிருந்து தோட்டத்தைக் கொண்டு நடத்துவதும் ஒரு கம்பனிதான்.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டை மூடியபோது ஏலமும் நின்றது. ஆனால் ஏப்ரல் தொடக்கத்திலேயே கணினி வழியாக மறுபடி நடத்தினார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகக் கூடி நின்று கூவிய ஏலம் சில நாட்களில் எப்படிக் கணினிக்கு மாறியது? எந்தத் தூள், எத்தனை கிலோ, யார் தரகர், யார் வாங்கினார், எப்போது பணம் கட்ட வேண்டும் என்ற ஒழுங்கு ஏற்கெனவே எழுத்தில் இருந்தது. ஒழுங்கு இருந்ததால் கூவுகிற வாய்க்குப் பதிலாகக் கணினி வந்தாலும் ஏலம் நடந்தது.

சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்திருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுப்பவர்களுக்கும் ஒரு பங்கீட்டுக் கணக்கு உண்டு. தூள் விற்ற விலையில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்ற சூத்திரம் அது. மில்லின் 74 மாதிரியே இதுவும் இலக்கத்தால் எழுதிய பங்கு.

அப்படியென்றால் இந்த நீளப் பாதையில் எழுத்தே இல்லாத இடம் எது? பல தோட்டங்களில் அது முதல் இடம்தான். நம்ம கூடையும் தராசும் சந்திக்கிற இடம்.

"சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு" என்று கிலோ வெட்டுகிறார்கள். வெட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சாக்கின் எடை கொழுந்து அல்ல. மழைத் தண்ணீரும் கொழுந்து அல்ல. அதைக் கழிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு கழிப்பது, எந்த நாளில் கழிப்பது, வெயில் நாளிலும் மழைக்கணக்கைக் கழிக்கலாமா, கழித்ததைத் துண்டில் எழுதுவார்களா என்பதற்கு எழுத்தில் ஒழுங்கு வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நிறுவையில் ஒவ்வொரு கிலோ வீதம் கூடுதலாக வெட்டினால், இருபது வேலை நாளில் ஒரு ஆளுக்கு 40 கிலோ. அதில் வரும் தூள் எட்டுக் கிலோவுக்கு மேல். அந்தத் தூள் ஏலத்துக்குப் போகும்போது ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு இருக்கும். பறித்தவரின் துண்டில் மட்டும் அது இருக்காது.

மடுவத்து நிறுவைக்கும் ஸ்டோர் நிறுவைக்கும் வித்தியாசம் வரும் என்பதும் உண்மை. வழியில் கொழுந்து வாடும், ஈரம் இறங்கும். கப்பல் கணக்கும் மில் கணக்கும் வேறுபடுவது மாதிரிதான். அங்கே எவ்வளவு வித்தியாசத்துக்கு இடம் உண்டு என்று எழுதி வைக்கிறார்கள். அதே மரியாதையை நம்ம கொழுந்துக்கும் கேட்பதில் தப்பில்லை.

சேமலாப நிதியின் பாதை

இன்னொரு பாதையையும் வரைந்து பாருங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம்ம சம்பளத்திலிருந்து குறைந்தது நூற்றுக்கு 8 கழிகிறது. வேலை கொடுப்பவர் குறைந்தது நூற்றுக்கு 12 போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் தனியாக நூற்றுக்கு 3 போட வேண்டும். அதற்கு நம்ம சம்பளத்தில் கைவைக்க முடியாது.

சேமலாப நிதிக் காசு எத்தனை கை மாறுகிறது? செக்ரோலிலிருந்து தோட்டக் காரியாலயம், அங்கிருந்து கம்பனி, பிறகு மத்திய வங்கி. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். சம்பளத் துண்டில் கழித்ததாக இருப்பது முதல் பட்டையில் எழுதியது. அது கடைசிப் பட்டைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று இருந்தால் பணம் போய்ச் சேர்ந்தும் கேட்கப் போகிறபோது ஆளைக் காணாத கணக்காகிவிடும். "முத்தம்மா", "முத்தம்மாள்" என்ற ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக அலைந்த முதியவர்கள் எத்தனையோ பேர். கை மாறும் இடத்தில் வந்த பிழை இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியவருகிறது. அப்போது எழுதின கணக்கப்பிள்ளையும் இருக்க மாட்டார், துரையும் இருக்க மாட்டார்.

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இதைத்தான் செய்யச் சொல்கிறோம்:

மடுவத்தில் நிறுத்தவுடன் முள்ளை, அல்லது இலக்கத்தைக் கண்ணால் பாருங்கள். உங்கள் துண்டில் எழுதுவதையும் பாருங்கள். வாசிக்கத் தெரியாதவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்கலாம், அதில் வெட்கம் இல்லை.

கழித்த கிலோவைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். "நிறுத்தது இவ்வளவு, கழித்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு" என்று மூன்று இலக்கம் இருக்க வேண்டும். மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, கழிச்சதையும் எழுதிடுங்க."

தோட்டத்தில் கழிவு ஒழுங்கு என்ன என்பதை எழுதி மடுவத்தில் ஒட்டச் சொல்லித் தலைவர்மார் மூலம் நிர்வாகத்தைக் கேளுங்கள். ஒழுங்கு சுவரில் இருந்தால் கணக்கப்பிள்ளைக்கும் நிம்மதி, ஆட்களுக்கும் நிம்மதி.

சம்பளத் துண்டுகளை எறிய வேண்டாம். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். சேமலாப நிதி மீதிக் கூற்று வந்தால் துண்டுகளோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று முதலில் பாருங்கள்.

குறை இருந்தால் உடனே சொல்லுங்கள். கப்பல் போன பிறகு தானிய எடையைப் பற்றிக் கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. கோடு பார்க்கும்போதே கேட்க வேண்டும். மடுவத்திலும் அப்படித்தான்.

படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் நாங்கள் சொன்ன பட்டைப் படத்தை ஒரு நாள் வரையச் சொல்லுங்கள். அம்மாவின் கூடையில் தொடங்கி கொழும்புக் கப்பல் வரைக்கும் ஒரு படம். திருகோணமலைக் கப்பலில் தொடங்கி வீட்டு ரொட்டி வரைக்கும் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உலகத்துப் பெரிய கம்பனிகள் ஒன்றையொன்று நம்புவது எதை வைத்து என்று பிள்ளைகளுக்கும் விளங்கும். நிறுத்த எடையையும் போட்ட கையெழுத்தையும் குறித்த நாளையும் வைத்துத்தான் அவர்கள் நம்புகிறார்கள்.

நூற்றுக்கு 74 என்று ஓர் அரசாங்கமும் ஒரு கம்பனியும் எழுதி வைத்துக்கொண்டது ஒருவரை ஒருவர் சந்தேகித்ததால் மட்டும் அல்ல. சேர்ந்து நெடுநாள் வேலை செய்ய வேண்டியிருந்ததால். நாமும் தோட்டமும் சேர்ந்து நெடுநாள் வேலை செய்ய வேண்டியவர்கள்தான். ஆகவே துண்டைக் கேட்டு வாங்குவது சண்டைக்குப் போவது ஆகாது. கணக்கைச் சரியாக வைப்பது அது.

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு லயத்தில் ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் தோட்டத்தில் கழிவு ஒழுங்கு எழுதி ஒட்டப்பட்டிருந்தால் அதை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். மற்றத் தோட்டத்துச் சகோதரர்களுக்கு அது உதவும்.